விற்ற மாட்டைப் பற்றி வந்த புகார்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில், அப்பா விட்டுச்சென்ற கொட்டகையில் பதினாறு மாடுகள் வைத்துப் பால் கறந்து விற்கிறேன். முன்பு பால்மரமாக (ரப்பர்) இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்தில் பகலில் மேயும். மாலையில் பாம் கெர்னல் பிண்ணாக்கும் சோயாச் சக்கையும் வைப்பேன். போன மாதம் செவலை, கருப்பி, புள்ளிச்சி என்ற மூன்று கிழ மாடுகளை ஒரு வியாபாரிக்கு விற்றேன். பாதிப் பணம்தான் கைக்கு வந்தது. அறுத்த மறுநாள் அவர் வந்து, செவலையின் ஈரல் முழுவதும் புழு என்றார். கருப்பியின் நெஞ்சில் கம்பி குத்திச் சீழ் பிடித்திருந்ததால் உடலையே கழித்துவிட்டார்களாம். புள்ளிச்சியின் வயிற்றில் கன்று, தொடையில் சீழ்க்கட்டி, கொழுப்பெல்லாம் மஞ்சள், காமாலை என்றார். மிச்சப் பணத்தைத் தர மறுக்கிறார். அவர் காட்டிய படங்களை அனுப்பியிருக்கிறேன். கருப்பி ஒரு மாதமாகவே தீனி குறைத்து, நெஞ்சுத் தொங்கல் வீங்கி இருந்தாள். நானே ஊசி போட்டுப் பார்த்தேன். புள்ளிச்சிக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை என்றுதான் விற்றேன். கன்று செய்தியைக் கேட்ட அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. வியாபாரி ஏமாற்றுகிறாரா? மற்ற மாடுகளுக்கும் இது வருமா? பாலைத் தொடர்ந்து விற்கலாமா? வெள்ளச்சி என்ற பன்னிரண்டு வயது மாட்டை அடுத்து விற்பதாக இருந்தேன். இப்போது தயக்கமாக இருக்கிறது.

பதில்: அன்புத் தம்பி, உங்கள் வியாபாரி சொன்ன ஐந்து செய்திகளில் நான்கு உண்மை, ஒன்று பொய். பொய்யை முதலில் முடித்துவிடுகிறேன்.

புள்ளிச்சிக்குக் காமாலை இல்லை. பச்சைப் புல் மேய்ந்து வயதான மாட்டின் கொழுப்பு மஞ்சளாகத்தான் இருக்கும். புல்லில் உள்ள கரோட்டின் ஆண்டுக்கணக்கில் கொழுப்பில் போய்ச் சேர்கிறது; காரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள்தான். கட்டிப்போட்டு அடர்தீனி கொடுத்து வளர்த்த இளங்காளையின் வெள்ளைக் கொழுப்பையே பார்த்துப் பழகிய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். காமாலை கண்டிருந்தால் மஞ்சள் கொழுப்போடு நிற்காது. கண்ணின் வெள்ளை, தசைநார், மூட்டுக் குருத்தெலும்பு, இரத்தக் குழாயின் உட்சுவர் எல்லாம் மஞ்சளித்துவிடும். அவர் எடுத்த படத்திலேயே, தொடை மூட்டுக்கு அருகில் அறுபட்ட தசைநார் சங்குபோல வெளுத்துக் கிடக்கிறது. அந்தப் படத்தை அவரிடமே காட்டுங்கள். தொழில் தெரிந்தவர் என்றால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

இனி உண்மைகள்.

செவலையின் ஈரல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டிய பரப்பில் பித்தக் குழாய்கள் சுண்டுவிரல் தடிமனுக்குப் புடைத்து, வெள்ளையாகச் சுவர் கட்டி நிற்கின்றன. இப்படிப்பட்ட ஈரலில் கத்தியை இழுத்தால் மணலை அறுப்பதுபோல நரநரவென்று ஓசை கேட்கும். உள்ளே இருப்பது ஈரல் தட்டைப்புழு. நம் நாட்டு மாடுகளில் காணப்படுவது பெரிய இனம். முற்றிய புழு இரண்டரை, மூன்று அங்குலம் வரை வளரும், பார்க்க உலர்ந்த மாவிலைத் துண்டுபோல இருக்கும். குழாய் இவ்வளவு தடித்துப்போக ஒரு மழைக்காலம் போதாது. செவலை இந்தப் புழுவைப் பல ஆண்டுகளாகச் சுமந்திருக்கிறாள். அவள் பால் குறைந்திருந்தால் நீங்கள் வயதைத்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். பாதிப் பழியையாவது இந்த ஈரல் மேல் போடலாம்.

படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் என்னை ஓர் அறுப்புக்கூடத்தில் போட்டார்கள். எனக்கு ஒரே கோபம். மாட்டைப் பிழைக்க வைக்கப் படித்தவனைச் செத்த மாட்டுக்குக் காவல் வைக்கிறார்களே என்று. அங்கே ஒரு மூத்த மலாய்க்காரப் பரிசோதகர் இருந்தார். ஈரலைப் பார்த்த மாத்திரத்தில் நான் தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் என் கையைப் பிடித்து அதன்மேல் வைப்பார்; முதலில் தடவிப் பார், பிறகு பேசு என்பார். ஆறு மாதம் போன பிறகு எனக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. லோரியில் வந்த மாடு ஆற்றோரக் கம்பத்து (கிராமத்து) மாடா, மேட்டு நிலத்து மாடா என்பதை ஈரலைத் தடவியே ஊகிப்பேன். பெரும்பாலும் தப்பாது. ஏனென்றால் இந்தப் புழு தண்ணீரை விட்டு வெகுதூரம் போக முடியாதது.

மாட்டின் சாணத்தோடு வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரிய வேண்டும். பொரிந்த குஞ்சு ஒரு குறிப்பிட்ட நன்னீர் நத்தையைத் தேடிப் பிடித்து அதற்குள் பெருக வேண்டும். பிறகு நத்தையிலிருந்து வெளிவந்து, நீர்மட்டத்தை ஒட்டிய புல்லில் கண்ணுக்குத் தெரியாத கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மாடு கடித்தால்தான் கதை தொடரும். குடலைத் துளைத்து, ஈரலுக்குள் வாரக்கணக்கில் அலைந்து, கடைசியில் பித்தக் குழாயில் குடியேறி முட்டையிடத் தொடங்க மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: செவலையிடமிருந்து மற்ற மாட்டுக்கு மூச்சுக் காற்றாலோ, ஒரே தொட்டியில் குடிப்பதாலோ இது ஒட்டாது. ஆனால் செவலை குடித்த வாய்க்காலில் குடித்து, அவள் மேய்ந்த பள்ளத்தில் மேய்ந்த பதின்மூன்றும் அதே புல்லைத் தின்றிருக்கின்றன. அவற்றின் ஈரலும் சுத்தமாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஐந்தாறு மாடுகளின் புதுச் சாணத்தை, ஒவ்வொன்றும் ஒரு பிடி, தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். "தட்டைப்புழு முட்டைக்காகப் படிய வைத்துப் பார்க்க வேண்டும்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். வழக்கமான சாணப் பரிசோதனையில் உப்புக் கரைசலில் மிதக்கும் முட்டையைத்தான் தேடுவார்கள்; தட்டைப்புழுவின் முட்டை கனமானது, மிதக்காமல் அடியில் கிடக்கும். இதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, முட்டை இல்லை என்று எழுதி வாங்கி நிம்மதியாகப் போனவர்கள் பலர்.

மருந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் எளிதில் கிடைக்கும் அல்பெண்டசோல் முற்றிய தட்டைப்புழுவை மட்டுமே கொல்லும். அதற்கும் குடற்புழுவுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு வேண்டும். ஈரலுக்குள் அலைந்துகொண்டிருக்கும் இளம்புழுவை அது தொடாது. சினையின் தொடக்க வாரங்களில் கொடுத்தால் கருவுக்குக் கேடு. இளம்புழுவையும் சேர்த்துக் கொல்லும் டிரிக்ளபெண்டசோல், கறவை மாட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்றே பல நாடுகளில் மருந்து உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எந்த மாட்டுக்கு எதை, எப்போது என்பதைக் கால்நடை மருத்துவரை வைத்து முடிவு செய்யுங்கள். பால் வற்றிய இடைவெளிதான் இதற்குத் தோதான நேரம்.

மருந்தைவிட வேலி மலிவு. வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தை அடைத்துவிட்டு, தண்ணீரை மேட்டில் தொட்டி கட்டி ஊற்றுங்கள். ஈயம் தோண்டிய பழைய குட்டை பக்கத்தில் இருந்தால் அதன் கரையையும் சேர்த்து அடையுங்கள். வாத்து வளர்க்க இடம் இருந்தால் வளருங்கள். நத்தை அதற்கு விருந்து. ஈரலை நன்றாக வேகவைத்துத் தின்றவருக்கு இந்தப் புழு வராது, பாலிலும் வராது. ஆனால் மாடு மேயும் வாய்க்கால் ஓரத்தில் வல்லாரையும் கங்கோங் கீரையும் தளதளவென்று வளர்ந்திருக்கும். அதைப் பறித்துப் பச்சையாக அரைத்துத் தின்பவருக்கு வரலாம். உங்கள் அம்மா வல்லாரைத் துவையல் செய்பவராக இருந்தால் இலையை வீட்டுத் தொட்டியில் வளர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கருப்பியின் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் கனத்தது. ஒரு மாதம் அவள் பட்ட வலி அந்த ஒரு படத்தில் இருக்கிறது. இதயத்தைச் சுற்றிய பை தடித்து, உள்ளே தேங்காய் நாரைச் சுற்றிவிட்டதுபோல நாரும் சீழும் அப்பியிருக்கிறது. நடுவில் துருப்பிடித்த கம்பித் துண்டு.

மாட்டுக்கு ஆட்டைப்போல உதட்டால் பொறுக்கித் தின்னத் தெரியாது. நாக்கைச் சுழற்றிப் பிடுங்கி, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும். அதன் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை. வாய்க்குள் போன கம்பி திரும்பி வராது. கனமான பொருள் தேன்கூடுபோல அறை அறையாக இருக்கும் இரண்டாம் இரைப்பையில் போய் விழும். அந்த இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய உதரவிதானமும் சில விரற்கடை இடைவெளியும்தான் இருக்கின்றன. இரைப்பை சுருங்கும் ஒவ்வொரு முறையும் கம்பி முன்னே நகர்கிறது. சினை முற்றிக் கர்ப்பப்பை முன்னால் தள்ளும்போதும், கன்று ஈனும்போது முக்கும்போதும் இன்னும் வேகமாக நகரும்.

கம்பி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அந்தத் துண்டின் வளைவைப் பாருங்கள். பால்மரத்தில், வடியும் பாலைப் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணத்தைத் தாங்குவதற்காகச் சுற்றிக் கட்டும் கம்பி எப்படி வளைந்திருக்கும் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது கம்பியை யாரும் பொறுக்கியிருக்கமாட்டார்கள். ஒரு படத்தை வைத்து நான் சத்தியம் செய்ய முடியாதுதான். டயரைக் கொளுத்திய சாம்பல் மேடு, புதிய தாமானுக்கு (குடியிருப்புக்கு) வீடு கட்டும்போது கொட்டிய குப்பை, கழிவு ரொட்டி மூட்டையில் கிடக்கும் முறுக்குக் கம்பி எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. குப்பையைக் கொளுத்துபவர்கள், எரிந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். நெருப்பு தாளைத்தான் தின்னும், கம்பியைச் சாம்பலில் உப்புப் போட்டு வைத்ததுபோல விட்டுவிட்டுப் போகும். மாடு அந்தச் சாம்பலை ஆசையாக நக்கும்.

கருப்பி உங்களிடம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நீங்கள் படிக்கவில்லை, தம்பி. உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அடுத்த மாட்டில் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். திடீரென்று தீனி குறையும், பால் ஒரே நாளில் இறங்கும். முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கம் விரித்து நிற்கும். மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கத் தயங்கும். படுத்து எழும்போது முனகும். இந்தக் கட்டத்தில் மருத்துவரைக் கூப்பிட்டிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்து, நெஞ்சுத் தொங்கலிலும் தாடைக்கு அடியிலும் நீர் கோத்துவிட்டால் கம்பி இதயப் பையை எட்டிவிட்டது என்று பொருள். அதன்பிறகு நீங்கள் போட்ட ஊசியால் பயன் இல்லை. அந்த நிலையில் லோரியில் ஏற்றியதும் சரியில்லை. காய்ச்சலும் சீழும் உடம்பெல்லாம் பரவிய மாட்டின் இறைச்சியை மொத்தமாகக் கழிப்பது பரிசோதகரின் கடமை. அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இதற்கு ஒரு மலிவான தடுப்பு இருக்கிறது. விரல் நீளத்தில் மாட்டுக்கென்றே செய்த காந்தம். கிடேரிக்கு ஒரு வயது ஆனதும் மாத்திரை விழுங்க வைக்கும் குழாயால் தொண்டைக்குள் தள்ளிவிட்டால், அது இரண்டாம் இரைப்பையில் ஆயுள் முழுவதும் கிடந்து, வருகிற இரும்பையெல்லாம் பிடித்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். செம்பையும் அலுமினியத்தையும் பிடிக்காது. பதின்மூன்றுக்கும் போடுங்கள். ஏற்கெனவே யாருக்குப் போட்டோம் என்று மறந்துபோனால் ஒரு திசைகாட்டியை மாட்டின் இடது முழங்கைக்குப் பின்னால் பிடியுங்கள். உள்ளே காந்தம் இருந்தால் முள் ஆடிக்காட்டும். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் செய்துகாட்டும் ஒரே மாயவித்தை அதுதான்.

புள்ளிச்சியைப் பற்றி எழுதுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினேன். உங்கள் அம்மா இதைப் படிப்பார் என்று தெரியும்.

கரு ஒரு பெரிய பூனை அளவு இருந்தது, உடம்பில் இன்னும் மயிர் முளைக்கவில்லை என்று படத்தில் தெரிகிறது. அது ஏறக்குறைய ஐந்து மாதக் கரு. கடைசிச் சினை ஊசி எப்போது போட்டீர்கள் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? அது ஐந்து மாதத்துக்கு முன்னால் என்றால் ஊசி பிடித்திருக்கிறது, நீங்கள் சோதிக்கவில்லை. அதற்கும் முன்னால் என்றால், செம்பனைக் காட்டில் யாருடைய காளையோ உங்களிடம் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டது. எப்படி இருந்தாலும், கை நுழைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இரண்டு மாதக் கருவைக் கண்டுபிடித்திருப்பார்; ஸ்கேன் கருவி இருந்தால் ஒரு மாதத்திலேயே தெரியும். மூன்று முறை ஊசி போடச் செலவழித்தவர், நான்காவதாக ஒரு கை பார்க்கச் செலவழிக்கவில்லை. சினை பிடிக்கவில்லை என்று கழித்த மாட்டின் வயிற்றில் கன்று கிடப்பதை நான் அறுப்புக்கூடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எந்த ஊரிலும், எந்த நாட்டிலும் நடப்பதுதான். அவள் பால் இறங்கியிருந்தால் அதற்கும் சினையே ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: தாய் வயிற்றில், ஒருமுறைகூட மூச்சு இழுக்காத கருவுக்கு வலியை உணரும் விழிப்பு வந்திருக்காது என்பதுதான் கால்நடை மருத்துவத்தில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. இது அவரைத் தேற்றுமா என்று எனக்குத் தெரியாது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசிய கை அவருடையது. என் அம்மாவும் அப்படித்தான். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் கட்டியிருந்த மாட்டை விற்ற நாளில் கயிற்றை மட்டும் வியாபாரியிடம் கொடுக்காமல் உள்ளே எடுத்துவந்து மாட்டிவைப்பார். இனி ஒரு மாடும் சோதிக்காமல் போகாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றுங்கள்.

தொடைச் சீழ்க்கட்டி முழுக்க உங்கள் கைவேலை. மாட்டின் பின்புறம் பெரிதாக, குத்த வசதியாக இருக்கிறது என்று எல்லாரும் அங்கேதான் குத்துகிறார்கள். விலை உயர்ந்த இறைச்சி இருக்கும் இடமும் அதுதான். கழுவாத ஊசி, ஒரே இடத்தில் பத்து மில்லிக்கு மேல், பசைபோன்ற மருந்து, இவற்றில் ஏதாவது ஒன்று போதும்; தோலுக்கு மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே கட்டி உட்கார்ந்திருக்கும். இனிக் கழுத்தில் போடுங்கள். மாட்டுக்கு மாடு ஊசியை மாற்றுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், ஊசி போட்ட தேதி. ஒவ்வொரு மருந்துப் புட்டியிலும், கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது, எத்தனை நாள் அறுக்கக்கூடாது என்று அச்சிட்டிருக்கும். நீண்ட நாள் வேலை செய்யும் சில ஆக்ஸிடெட்ராசைக்ளின் புட்டிகளில் அறுப்புக்கு 28 நாள் என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கு மருந்து இது மாறும். மருந்து சிறுநீரகத்திலும் ஈரலிலும் அதிகமாகத் தங்கும். கருப்பிக்கு ஊசி போட்டுக்கொண்டே அவளை விற்றிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அந்த உடலை அன்று கழிக்காமல் விட்டிருந்தால், நீங்கள் போட்ட மருந்து யாரோ ஒருவரின் குழந்தையின் சாப்பாட்டுத் தட்டுக்குப் போயிருக்கும். ஒரு நாட்காட்டியைக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். மாட்டின் காது எண், மருந்தின் பெயர், தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். ஆணியைக் கீழே போட்டுவிடாதீர்கள்.

பால்? புழுவும் கம்பியும் பாலைக் கெடுக்காது. விற்கலாம். ஆனால் மாட்டிடமிருந்து மனிதருக்குப் பாலின் வழியாக வரக்கூடிய இரண்டு நோய்கள் இந்த மூன்று படங்களிலும் தெரியாமல் போகலாம். ஒன்று காசநோய். அதைத் தொண்டைப் பின்புறத்திலும் நுரையீரல் நடுவிலும் உள்ள நிணநீர்க் கட்டிகளை அறுத்துப் பார்த்தால்தான் காணலாம். உங்கள் வியாபாரி அவற்றைப் படம் எடுக்கவில்லை. மற்றொன்று புருசெல்லா. சினை கலைவதும் முட்டி வீங்குவதும் தவிர, அறுத்தாலும் பெரிதாக அடையாளம் காட்டாது. இரத்தப் பரிசோதனைதான் வழி. கடந்த ஓரிரு ஆண்டுகளில் உங்கள் கொட்டகையில் மாதம் முற்றிய சினை ஏதாவது கலைந்திருக்கிறதா? கலைந்திருந்தால் சாணத்தோடு அதையும் அலுவலகத்தில் சொல்லுங்கள், இரத்தம் எடுக்க வருவார்கள். கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். வாடிக்கையாளர்களிடம் பொங்கப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். நம்மவர் பெரும்பாலும் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். கறந்த சூட்டோடு குடித்தால் சத்து என்று உடற்பயிற்சி செய்யும் சில இளைஞர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள், அவர்களிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

இனிப் பணம். உயிரோடு நிற்கும் மாட்டைக் கண்ணால் மதித்து விலை பேசினால், உள்ளே இருப்பதன் இலாப நட்டம் வாங்கியவரைச் சேர்ந்தது என்பதுதான் நம் வட்டாரத்தில் நான் கண்ட வழக்கம். செவலையின் ஈரல் ஐந்தாறு கிலோ. அதற்குப் பாதி மாட்டுப் பணத்தைப் பிடிப்பது அநியாயம். மஞ்சள் கொழுப்புக்கு ஒரு சென்னும் தர வேண்டியதில்லை. தொடைக் கட்டிக்கு வெட்டி எறிந்த இறைச்சியின் விலையை விட்டுக்கொடுங்கள், அது உங்கள் தவறு. கருப்பி விஷயத்தில் என்னிடம் கேட்டால், நோயுற்ற மாடு என்று தெரிந்தே விற்றீர்கள். அவளுக்கான மிச்சத்தைக் கேட்காதீர்கள்.

அதற்கு முன், கழித்ததற்கான தாளைக் கேளுங்கள். அரசுப் பரிசோதகர் இருக்கும் அறுப்புக்கூடத்தில் எந்த உறுப்பை, ஏன் கழித்தார்கள் என்று எழுதுவார்கள். தாள் இல்லை என்று வியாபாரி சொன்னால் மாட்டை எங்கே அறுத்தார் என்ற கேள்வி வரும். நம் நாட்டில் பெண் மாட்டை நினைத்த இடத்தில் அறுத்துவிட முடியாது. 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தின் கீழ் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. கன்று ஈனக்கூடிய மாடுகள் அழிந்துவிடக்கூடாது என்பதற்காக வந்தது அது. ஐந்து மாதச் சினை மாடு அந்தச் சல்லடையில் எப்படி நழுவியது என்று நீங்கள் கேட்கத் தொடங்கினால் அவர் மிச்சப் பணத்தை வேகமாக எடுத்து வைப்பார் என்று நினைக்கிறேன். மிரட்டச் சொல்லவில்லை. கேட்டால் போதும்.

கடைசியாக வெள்ளச்சி. விற்பதா, சாகும்வரை வைத்திருப்பதா என்பதை உங்கள் வீடுதான் முடிவு செய்ய வேண்டும். வைத்திருப்பது என்றால் பால் தராத மாட்டுக்கும் தீனி, குளம்பு வெட்டு, மருத்துவர் எல்லாம் உண்டு. புண்ணியத்துக்காக வைத்துக்கொண்டு எலும்பும் தோலுமாகச் செம்பனை நிழலில் விட்டுவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அப்படிக் காய்ந்து செத்த மாட்டை அறுத்தால் இதயத்தைச் சுற்றியிருக்க வேண்டிய கொழுப்பு கரைந்து நீர் கோத்த கூழ்போலக் கிடக்கும். அந்தக் காட்சியை உங்கள் அம்மா பார்க்காமல் இருப்பது நல்லது.

விற்பது என்றால் அவள் நான்கு காலில் உறுதியாக நடக்கும்போதே விற்றுவிடுங்கள். இன்னொரு ஈற்று, இன்னொரு கறவை என்று இழுத்து, கால் தாங்கி, உடல் வற்றிய பிறகு விற்பதால்தான் அறுப்புக்கூடத்தில் பாதி நோய்கள் அகப்படுகின்றன. எழ முடியாமல் படுத்துவிட்ட மாட்டை இழுத்து ஏற்றாதீர்கள். அதற்கு மருத்துவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இந்த வாரமே வெள்ளச்சிக்குச் சினை பார்க்கச் சொல்லுங்கள், குளம்பைத் தூக்கிக் காட்டுங்கள். கடைசி ஊசித் தேதியை எண்ணுங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது விலை ஏறும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வாரத்தில் லோரியில் நெருக்கி ஏற்றுவார்கள், இடுப்பெலும்புப் பக்கம் அடிபட்டுக் கருத்த இறைச்சியை நான் அதிகம் பார்த்தது அந்த நாட்களில்தான்.

அவள் காது வில்லையின் எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கும் நாளில் வியாபாரியை நம்பி வீட்டில் இருக்காமல் நீங்களே கூடத்துக்குப் போய், பரிசோதகரிடம் அந்த எண்ணைச் சொல்லி, ஈரலும் நுரையீரலும் எப்படி இருந்தன என்று கேளுங்கள். கேட்டு வருபவர்கள் குறைவு என்பதால் அவர் சந்தோஷமாகவே சொல்வார். ஈரலில் மறுபடியும் வெள்ளைக் குழாய் தெரிந்தால், சாணப் பையோடு எனக்கு எழுதுங்கள்.